இருபத்தைந்து பேருக்கு ஓர் ஏரி

மலைமேல் இருந்த அந்த ஏரி, முன்பதிவு செய்தவர்கள் அத்தனை பேரும் வந்து சேர்ந்த பிறகுதான் வரும். விடுதியின் படிவத்தில் ஆறாவது விதியாக இது அச்சிடப்பட்டிருந்தது. ஐந்தாவது விதி போர்வைகளைப் பற்றியது, ஏழாவது நாய்களைப் பற்றியது. எழுதிக் கொடுத்த எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தால் ஏரி வராது. ஒரு தலை கூடினால் கரையோடு நிற்காமல் சமையலறை வரைக்கும் வந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. எண்ணிக்கையைத் தொண்ணூறு நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு மாற்ற முடியாது. ஏன் முடியாது என்று கேட்பவர்களிடம் விடுதிக்காரம்மா, அதற்குள் ஏரிக்குத் தகவல் போயிருக்கும் என்பார். ஆளில்லாத நாட்களில் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நில அளவைத் துறையிலிருந்து இரண்டு பேர் ஒருமுறை அதன் பின்னாலேயே மூன்று நாள் நடந்துபோய் நான்கு வரியில் அறிக்கை எழுதினார்கள், அதில் மூன்று வரி செருப்பு தேய்ந்ததைப் பற்றியது. ஓர் அச்சகத்திலிருந்து நாற்பத்தோரு பேர் கிளம்பி, வழியிலேயே ஒருவர் காய்ச்சலில் திரும்பிவிட்டதால், ஏழு நாளும் வெறும் ஏரிப் படுகையில் கால்பந்து ஆடினார்கள். நன்றாகத்தான் இருந்தது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

இப்படிப்பட்ட ஏரிக்குக் கோடை விடுமுறையில் மொத்தக் குடும்பமும் போவது என்று முடிவானால், அந்தக் குடும்பத்தில் பட்டியலக்கா மாதிரி ஒருத்தி இருந்தாக வேண்டும். ஒரு பெரிய மருத்துவமனையில் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, நூற்றெண்பது தாதிகளுக்கு எந்த நாள் எந்த வேளை என்று அட்டவணை போடுவது அவள் வேலை. யாருக்குக் குழந்தை சின்னது, யாருக்கு முதுகு வலி, எந்த இரண்டு பேரை ஒரே வார்டில் போட்டால் நோயாளிக்கு நல்லதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. இருபத்தாறு வருடத்தில் ஒரு வார்டும் ஆளில்லாமல் கிடந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள், குளியலறைக் கதவில் ஒரு தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவர், கல்யாணமாகி முதல் வாரத்திலேயே தன் தும்மலுக்குக்கூட நேரம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்த்ததாகச் சொல்வார்.

அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு பட்டியல்தான் பிசகியது. எட்டு வருடத்துக்கு முன் அவளுடைய அப்பா அதே மருத்துவமனையின் நான்காம் மாடியில் படுத்திருந்தபோது, யார் எந்த நேரம் பக்கத்தில் இருப்பது, நிலைமை மோசமானால் யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு தாள் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினாள். இருபத்திரண்டு பெயர். அதில் கடைசித் தம்பியின் பெயர் இல்லை. தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன், அந்த வாரம் வேறொரு ஊரில் முப்பது மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். அப்பா போன அன்று எல்லோரும் தாளைப் பார்த்து ஆளுக்கு நாலு பேருக்குப் போன் செய்தார்கள். தாளில் இல்லாதவனுக்கு யாரும் செய்யவில்லை, மற்றவர் செய்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அவன் அப்பாவுக்கு ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு நான்காம் மாடிக்கு வந்தான். கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். தாள் மட்டும் தலைமாட்டில் இன்னும் ஒட்டியிருந்தது. அவன் அதை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தான். ஆரஞ்சுப் பையை அந்த அந்நியருக்குக் கொடுத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைக்கு வந்து, “உன் பட்டியல்ல நான் இல்லையேக்கா” என்றான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை, அவளோடு மட்டுமென்ன, அந்தக் குடும்பத்தில் யாரோடும் பேசவில்லை. ஏன் விட்டோம் என்று பட்டியலக்கா பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் தெரிந்த காரணம் மிகவும் சின்னது. யாரை மறந்துவிடுவோமோ என்று பயந்தாளோ அவர்களைத்தான் அவள் தாளில் எழுதுவாள். அவனை மறப்போம் என்ற பயமே அவளுக்கு வந்ததில்லை. அவன் அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை.

ஏரிக்குப் போகும் யோசனை தங்கையுடையது. நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பவள் அவள். பத்தொன்பது வருடமாக இருபத்தைந்து மீட்டருக்கு ஒருமுறை சுவரைத் தொட்டுத் திரும்பித் திரும்பிச் சலித்துப்போனது, சுவரே இல்லாத தண்ணீரில் ஒருமுறை நீந்த வேண்டும் என்றாள். பட்டியலக்கா உடனே ஒரு நோட்டை எடுத்தாள். ஐந்து ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு முன்னறையில் கூட்டம் நடந்தது. நாற்காலி போதாமல் ஜன்னல் கட்டையில், தலையணைமேல், மடித்த கட்டில்மேலெல்லாம் உட்கார்ந்து பேசினார்கள். நாலு பேர் கூடினால் நாற்பது யோசனை. பெரியண்ணன், கடைகளின் தராசுகளைச் சோதிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஆளுக்கு எட்டுக் கிலோவுக்குமேல் பெட்டி கூடாது என்றார். பெரியண்ணி தன் ஹேர் டிரையரே இரண்டு கிலோ என்றார். குறட்டை விடுபவர்களை ஒரே அறையில் போடுவதா, வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துப் போடுவதா என்பதில் இரண்டு ஞாயிறு போயிற்று. சித்தப்பா ஒருவர் எதற்கும் ஒத்துக்கொண்டு, பிறகு வாசலில் செருப்பு மாட்டும்போது மறுத்துவிட்டுப் போவார். பட்டியலக்கா அவருடைய சம்மதத்தை அதற்குப் பிறகு வாசலிலேயே போய் வாங்கினாள். யாருக்குப் பரீட்சை, யாருக்குப் பல் டாக்டர், எந்தச் சின்ன மருமகள் எந்தப் பெரிய நாத்தனாரோடு ஒரே பாத்திரத்தில் சமைக்க மாட்டாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, எல்லோரையும் ஒரு வாரத்துக்குள் பொருத்தினாள். நூற்றெண்பது பேரைப் பொருத்தியவளுக்கு இது ஒன்றும் பிரமாதமில்லை.

நாலாவது ஞாயிற்றில் பெரியண்ணன் தலைகளை எண்ணிப் பார்த்து, “அப்ப இருபத்து நாலு. எழுதிடு” என்றார்.  எல்லோருக்கும் இருபத்தைந்தாவது ஆளின் ஞாபகம் வந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு பேருந்தைப் பற்றிய பேச்சு ஆரம்பமானது. பட்டியலக்கா இரண்டு நாள் படிவத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். இருபத்து நாலு என்று எழுதிவிட்டு அவன் வந்துவிட்டால் சமையலறைக்குள் ஏரி. இருபத்தைந்து என்று எழுதி அவன் வராவிட்டால் ஏரியே இல்லை, தங்கையின் ஆசையும் பிள்ளைகளின் விடுமுறையும் மண்ணோடு போகும். மூன்றாம் நாள் காலை, முதல் வேளைத் தாதிகள் மாறுகிற நேரத்தில், படிக்குக் கீழே இருந்த அறையில் நின்றபடியே இருபத்தைந்து என்று எழுதித் தபாலில் போட்டாள். அப்படியே ஒரு புதுத் தாளில் எல்லோருடைய பெயரையும் எழுதினாள். முதல் வரியில் அவன் பெயர். நாள், பேருந்து கிளம்பும் இடம், அவனுக்கு ஜன்னலோரப் படுக்கை என்பதெல்லாம் அதில் இருந்தது. கடிதம் என்று ஒரு வரிகூட இல்லை, என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை அவன் வேலை செய்யும் லிஃப்ட் நிறுவனத்தின் முகவரிக்கு அனுப்பினாள். பதில், கிணற்றில் போட்ட கல்.

அவள் பட்டியலை யாரும் சரிபார்ப்பதில்லை என்பதால் தொண்ணூறு நாளும் யாருக்கும் தெரியவில்லை. கணவருக்கு மட்டும் பேருந்தில் தெரிந்தது. தன் பக்கத்து இருக்கையில் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு, சித்தப்பா வந்து கேட்டும் கொடுக்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் பின்னிருக்கையிலிருந்து எட்டிக் காதருகில் கேட்டார்.

“அவனையும் சேர்த்தா எழுதின?”

“ஆமா.”

“வரேன்னு சொன்னானா?”

“சொல்லல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதைக் கேட்டா உங்கண்ணன் என்னைத்தான் திட்டுவார்” என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த எட்டு வருடமும் பக்கத்திலேயே படுத்திருந்தவர் அவர், அவள் எத்தனை தடவை தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை மதியம் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏழு அறை, ஒரு நீள வராந்தா, ஒரு பெரிய சமையலறை. வராந்தாவுக்குக் கீழே ஏரி இருக்க வேண்டிய இடத்தில் அரை மைல் அகலத்துக்குச் சாம்பல் நிறச் சேறு வெடித்துக் கிடந்தது. நடுவில் ஆறு படகுகள் சாய்ந்து கிடந்தன. படுகையையும் விடுதியையும் சுற்றி வெள்ளையடித்த கற்கள். அந்தக் கற்களுக்குள் வந்தால்தான் வந்த கணக்கு. அக்கரையில், கற்களுக்குச் சற்று வெளியே, சமவெளியிலிருந்து ஏறிவரும் பேருந்துகளின் சாலையும் ஒரு தகரக் கூரை நிழற்குடையும் தெரிந்தன. தினமும் நான்கு மணிக்குக் கரைப்படியில் நின்று ஒருவர் சத்தமாகத் தலைகளை எண்ண வேண்டும், சரியாக இருந்தால் அரை மணிக்குள் ஏரி கிளம்பி வந்துவிடும் என்று விடுதிக்காரம்மா சொன்னார். பிள்ளைகள் நீச்சல் உடையும் ரப்பர் வளையமுமாக வரிசையில் நின்றார்கள். பெரியண்ணன் எண்ணினார். இருபத்து மூன்று வந்தது. அவர் தன்னையே எண்ணவில்லை என்று அண்ணி சொல்ல, மறுபடி எண்ணினார், இருபத்து நாலு. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, சேறு சேறாகவே இருந்தது. சித்தப்பா ஓர் எண்ணிக்கை எண்ணினார், பிள்ளைகள் ஓடி ஆடிக்கொண்டிருந்ததால் அவருக்கு முப்பத்தொன்று வந்தது. பெரியண்ணன் நேராக விடுதிக்காரம்மாவிடம் போய், நாற்பது வருடம் தராசு பார்த்தவன் நான், உங்கள் ஏரிதான் தப்பு என்றார்.

“இதுவரைக்கும் அது தப்பா எண்ணினதில்லைங்க” என்று சொல்லி அந்த அம்மா படிவத்தை எடுத்து நீட்டினார். “பாருங்க, இருபத்தஞ்சு.”

இருபத்து மூன்று தலைகள் பட்டியலக்காவின் பக்கம் திரும்பின. அவள் மறைக்கவில்லை. தம்பியைச் சேர்த்து எழுதியதையும், அவனுக்குத் தாள் அனுப்பியதையும், பதில் வராததையும் வரிசையாக, வேலையில் சொல்வது போலவே சொன்னாள். தங்கை தோளில் துண்டோடு கரைப்படியில் உட்கார்ந்து அழுதாள். “உனக்கும் அவனுக்கும் நடுவுல இருக்கிறதுக்கு எங்களை எதுக்குக்கா இழுத்த? கேட்டிருந்தா நாங்க மாட்டேன்னா சொல்லியிருப்போம்?” என்று கேட்டாள்.  கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துதான் பட்டியலக்கா கேட்கவில்லை. பெரியண்ணன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் இரண்டு குடும்பங்கள் பெட்டி கட்டின. ஆள் போய்விட்டால் தம்பி வந்தாலும் ஏரி வராது. பட்டியலக்கா ஒவ்வொரு அறையாகப் போய் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்கள் என்று கேட்டாள். வேலையிலும் வீட்டிலும் யாரிடமும் எதையும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள், தாளில் எழுதி ஒட்டினால் நடந்துவிடும் என்று இருந்தவள்.  மூன்றாவது அறை வாசலில் பெரியண்ணன் வந்து நின்றார். கையில் பெட்டி இருந்தது, சரியாக எட்டுக் கிலோ. அவரும் கிளம்பிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் பெட்டியை வராந்தாவில் எல்லோரும் பார்க்க வைத்து, திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தார்.

“தாள்ல அவன் பேரு இல்லேன்னு உன்னையே எட்டு வருஷமா சொல்லிட்டிருக்கோம்” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “நான் மூத்தவன். எனக்குத் தெரியாதா தம்பிக்குச் சொல்லணும்னு? தாளைப் பாத்துப் படிக்கிறவனுக்கு மூளை வேண்டாமா? போன் என் கையிலதாம்மா இருந்தது.”

அண்ணியும் ஹேர் டிரையரை வெளியே எடுத்தார். மற்ற இரண்டு பெட்டிகளும் யாரும் சொல்லாமலே திறந்தன. சித்தப்பா மட்டும் இருக்கிறேன் என்று ஒத்துக்கொண்டு, பிறகு வாசலில் மறுத்து, சாப்பாட்டு மணி அடித்ததும் திரும்பி வந்துவிட்டார்.

அன்றிலிருந்து நான்கு மணி எண்ணிக்கையைப் பட்டியலக்காவே எண்ணினாள். எண்ணுவதில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மருத்துவமனையில் தாதிகளை எண்ணும்போது, வந்து நிற்பவர்களை எண்ணிவிட்டு வராதவர் யார் என்று தேடமாட்டாள். முதலில் வராதவருடைய பெயரைச் சொல்லி, அவருடைய காலி இடத்தைக் கையால் காட்டிவிட்டுத்தான் வந்தவர்களுக்கு வருவாள். இல்லாத ஆளை மனதில் வைத்துக்கொண்டு எண்ணினால் வேலை ஓடாது, முதலில் இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. அதே மாதிரி கரைப்படியில் நின்று, கையை நீட்டி, அக்கரைச் சாலையைக் காட்டி, “ஒண்ணு” என்றாள். தாமதமாக ஒரு பேருந்து வந்தால் அங்கேதான் தெரியும். அதற்குப் பிறகு பெரியண்ணனைக் காட்டி இரண்டு, அண்ணி மூன்று, கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு இருபத்தைந்து. வெறும் படுகையில் சத்தம் எட்டூருக்குக் கேட்கும். மலை அதை ஒருமுறை திருப்பிச் சொல்லும். செவ்வாய் எண்ணினாள், புதன் எண்ணினாள், ஏரி வரவில்லை. வராத ஏரிக்குக் குடும்பம் மெல்லப் பழகிக்கொண்டது. முன்பு வந்துபோன குழுவினர் தொலைத்த சீப்பையும் பொம்மையையும் பிள்ளைகள் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தார்கள். தங்கை தரையில் சாய்ந்து கிடந்த படகில் காலை நீட்டி உட்கார்ந்து கதைப் புத்தகம் படித்தாள். அவள் அக்காவோடு இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் புதன்கிழமை எண்ணிக்கையின்போது எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்த பட்டியலக்காவுக்கு ஒரு தட்டில் சோறும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு எண்ணி முடித்து இருபது நிமிடத்தில் ஏரி வந்தது. கிழக்கே இரண்டு மலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாக, பெரிய ஜமக்காளம் ஒன்றை இழுத்து வருகிற சத்தத்தோடு வந்தது. முதலில் தரை துடைத்த ஈரம் போல ஒரு மெல்லிய தண்ணீர் படுகை முழுவதும் பரவியது. அதற்குப் பின்னால் கணுக்கால் உயரத் தண்ணீர், அதற்குப் பின்னால் மீன்களோடு நிஜத் தண்ணீர். படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. தங்கை இருந்த படகும் நிமிர்ந்தது, அவள் புத்தகத்தைப் போட்டுவிட்டு அப்படியே குதித்தாள், ஐந்தே காலுக்குள் கரையிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளியாகிவிட்டாள். சுவர் எதுவும் வராததால் திரும்பத் தோன்றவில்லை என்று பிறகு சொன்னாள். பிள்ளைகள் தலைகால் புரியாமல் கத்தினார்கள். பெரியண்ணன் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்று ஒருமுறை எண்ணினார், தன்னையும் சேர்த்து. இருபத்து நாலுதான். அவர் பட்டியலக்காவைப் பார்த்தார். அவள் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம், தண்ணீரின் விளிம்பில், ஓர் ஆள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவளுக்குத் துடுப்புப் போடத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. இருந்தாலும் இரண்டு பேரும் கரைக்கு மிதந்து வந்த ஒரு படகில் ஏறி, ஆளுக்கொரு பக்கமாக இழுத்து, நேராகப் போனால் கால் மணி ஆகிற தூரத்தை முக்கால் மணியில் கடந்தார்கள். தம்பிக்கு முன்நெற்றி முடி கொட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள், இத்தனை வருடம் அவள் மனதில் அவனுக்கு முடி கொட்டவே இல்லை. அவன் படகின் மூக்கைப் பிடித்து இழுத்துக் கரையில் நிறுத்தினான்.

“செவ்வாக்கிழமையே வந்துட்டேன்” என்றான். “அதோ, அந்தத் தகரத்துக்கு அடியிலதான் உக்காந்திருந்தேன். பக்கத்துக் கொட்டகையில படுக்கை குடுத்தாங்க. நான் இல்லாம நீங்கள்லாம் காஞ்சு கிடக்கிறதைப் பாக்கணும்னுதான்கா வந்தேன். கல்லைத் தாண்டவே கூடாதுன்னு இருந்தேன். நல்லாத்தான் இருந்துது, ரெண்டு நாள்.”

பெரியண்ணன் தலைகுனிந்தார். தம்பி அக்காவின் பக்கம் திரும்பினான்.

“நீ ஒண்ணுன்னு சொல்லிக் கையை நீட்டினப்ப, முதல் நாள் நான் திரும்பிப் பாத்தேன், எனக்குப் பின்னால யாராவது நிக்கிறாங்களான்னு. ரெண்டாவது நாளும் பாத்தேன். யாரும் இல்ல. இன்னைக்குத்தான், நீ முதல்ல எண்ணுறது என்னைத்தான்னு புரிஞ்சுது, கல்லைத் தாண்டிட்டேன்.” அவன் காலணியைக் கீழே வைத்தான். “அண்ணனுக்கு முன்னாடி என்னை எதுக்கு எண்ணின?”

“உன்னை எழுதணும்னே அன்னைக்கு எனக்குத் தோணலடா. உன்னை மறப்பேன்னு நான் நினைக்கவே இல்ல” என்றாள் பட்டியலக்கா. “அப்பா உன்னைத்தான் கேட்டார். வந்துட்டிருக்கான்னு சொன்னேன். உனக்கு யாராவது சொல்லியிருப்பாங்கன்னுதான் நானும் நினைச்சேன். அதை இத்தனை நாள் உங்கிட்ட சொல்ல முடியல.”

 அவன் காலணியைத் தூக்கிப் படகுக்குள் போட்டான். அண்ணன் துடுப்பை எடுத்து அவன் பக்கம் நீட்டினார். லிஃப்ட்காரனுக்கும் மேலே கீழே போகிற வித்தைதான் தெரியும், முன்னால் பின்னால் தெரியாது. மூன்று பேரும் இழுத்ததில் படகு இரண்டு வட்டம் போட்டது. இருட்டுவதற்குள் எப்படியோ விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். சாப்பாட்டு மேசையில் யாரும் எட்டு வருடத்தைப் பற்றிப் பேசவில்லை. அண்ணி நகர்ந்து இடம் கொடுத்தார், தங்கை ஈரத்தலையோடு வந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், சித்தப்பா குறட்டை அறையில் இன்னும் ஒரு கட்டிலுக்கு இடமிருப்பதாகச் சொன்னார். அவனுக்கு ஜன்னலோரப் படுக்கை என்று பட்டியலக்கா சொன்னாள். அது திங்கட்கிழமையிலிருந்தே விரித்துக் கிடந்தது.

வெள்ளியும் சனியும் ஏரி நல்லபடியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் விடுதிக்காரம்மா படிவத்தின் பின்பக்கத்தில் இருந்த பதினோராம் விதியை ஞாபகப்படுத்தினார். பெட்டியோடு முதல் ஆள் வெள்ளைக் கல்லைத் தாண்டியதும் ஏரி கிளம்பிவிடும், மற்றவர்களுக்காகக் காத்திருக்காது. பத்து மணிக்குப் பேருந்து வந்து நின்றது. இருபத்தைந்து பேரும் பெட்டியும் கையுமாகக் கல்வரிசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள், ஒருவரும் தாண்டவில்லை. முதல் ஆளாகப் போய் ஏரியை அனுப்பி வைத்தவன் என்ற பெயர் யாருக்கு வேண்டும். நீங்க போங்க, நீங்க முன்னாடி போங்க என்று இவ்வளவு மரியாதையாக அந்தக் குடும்பம் அதற்கு முன்பு பேசிக்கொண்டதில்லை. ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். சித்தப்பா போகிறேன் என்று சொல்லிவிட்டு, கல்லுக்கு அருகில் போய் மறுத்துவிட்டார்.

கடைசியில் ஒரே நேரத்தில் தாண்டுவது என்று முடிவாயிற்று. கல்லோரம் நீள வரிசையாக நின்றார்கள், கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெட்டிகளைத் தலைமேல் தூக்கிக்கொண்டு. அக்காவும் தம்பியும் வரிசையின் ஒரே ஓரத்தில் அடுத்தடுத்து நின்றார்கள். மூணு சொல்லும்போது காலைத் தூக்க வேண்டும் என்று அண்ணன் எல்லோருக்கும் சொன்னார். “விட்டுட்டுப் போயிடாதக்கா” என்றான் தம்பி, விளையாட்டுப் போல. பட்டியலக்காவுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அவன் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மூன்று என்றதும் எல்லோரும் ஒரே அடியாக எடுத்து வைத்தார்கள்.

பேருந்தில் தன் பக்கத்து இருக்கையிலிருந்து அவள் கைப்பையை எடுத்துவிட்டாள். தம்பி அங்கே உட்கார்ந்து, இரண்டாவது வளைவு வருவதற்குள் அவள் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான். கை மரத்துப்போனது. நான்கு மணி நேரம் அவள் அசையவில்லை. ஏரி அன்று பத்து இருபதுக்குக் கிளம்பிப் போனது. அடுத்ததாக முன்பதிவு செய்திருந்தவர்கள் ஒரு தையற்கூடத்தைச் சேர்ந்த இருபத்தெட்டுப் பேர். அவர்கள் எல்லோரும் செவ்வாய்க்கிழமை நேரத்தோடு வந்து சேர்ந்தார்கள், ஏரி நாலரைக்கு வந்தது.